ஜாக்சன் துரையும் கட்டபொம்மனும்: மேடையும் வரலாறும்

குற்றாலத்துப் பேரருவியிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில் ஐந்தருவி இருக்கிறது. மேலே ஒன்றாக வரும் நீர், பாறையின் முகத்தில் ஐந்தாகப் பிரிந்து விழுகிறது. ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால், பள்ளி மாணவரும் கல்லூரி மாணவரும் கூட்டங்கூட்டமாக அங்கே வந்து நீராடுவர். தமிழ் பயின்ற மாணவராயின் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியை நினைப்பர், ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் இவ்வூரில் இருந்து கவிதை சுவைத்த கதையையும் சிலர் நினைப்பர். ஆனால் 1798ஆம் ஆண்டில், இதே சாரற் காலத்தில், ஒருவர் நீராடும் நோக்கமின்றி, ஓர் அதிகாரியைக் காண்பதற்கென்றே குற்றாலத்துக்கு வந்து, காண முடியாமல் திரும்பினார் என்பதை நினைப்பவர் மிகச் சிலரே. வந்தவர் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன். காண மறுத்தவர் திருநெல்வேலிச் சீமையின் கலெக்டர் ஜாக்சன்.

இவ்விருவரையும் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. வரலாற்று நூல்களைப் படித்து அறிந்தோர் சிலர். மேடையிலும் திரையிலும் கண்டு அறிந்தோர் பலர். பள்ளி ஆண்டு விழாக்களில் ஐந்து வயதுச் சிறுவன் மையால் மீசை வரைந்து, அட்டை வாளை இடுப்பில் செருகி, கலெக்டரைப் பார்த்து முழங்கும் காட்சியைக் காணாத ஊர் நம்மிடையே உண்டா? அச்சிறுவன் வாயில் வரும் மொழி சக்தி தி. க. கிருஷ்ணசாமி எழுதிய மொழி. அவர் இயற்றிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ நாடகத்தைச் சிவாஜி நாடக மன்றம் 1957ஆம் ஆண்டில் அரங்கேற்றியது. 1959இல் பி. ஆர். பந்துலு அதைத் திரைப்படமாக்கினார். 1960இல் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில், அதில் நடித்ததற்காகச் சிவாஜி கணேசன் சிறந்த நடிகர் எனப் பரிசு பெற்றார்.

நாடகத்தை அரசியல் நாடகம் என்று கொண்டு அதன் பொருளையும் நடையையும் ஆராய விரும்பும் மாணவர்கள், முதலில் ஒரு வினாவைத் தமக்குத் தாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். நாடகத்தின் உயிர் நிலையான அந்தச் சந்திப்புக் காட்சியில் பேசுபவர் யார்? கட்டபொம்மனா? அல்லது கட்டபொம்மனின் வேடத்தில் வேறொருவரா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, நடந்தது என்ன என்று முன்னதாக அறிந்துகொள்ளுதல் நலம்.

ஆர்க்காட்டு நவாபு கும்பெனியாரிடம் பட்ட கடனுக்கு ஈடாக, பாளையக்காரர்களிடம் திறை தண்டும் உரிமை சிறிது சிறிதாகக் கும்பெனியாரின் கைக்குப் போயிற்று. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அது உறுதிப்பட்டது. அதுவரை நவாபுக்குக் கட்டியும் கட்டாமலும், காலம் பார்த்துக் கொடுத்தும் கொடாமலும் இருந்த பாளையக்காரர்கள், இப்போது தவணை தவறாமல் கணக்குக் கேட்கும் ஒரு வணிகக் கூட்டத்தாரின் முன் நிற்க நேர்ந்தது. 1798ஆம் ஆண்டில் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து வரவேண்டிய பாக்கி 3310 வராகன். படையை அனுப்ப ஜாக்சன் விரும்பினார். சென்னை அரசாங்கம் இசையவில்லை. ஆகவே, ஆகஸ்டு 18ஆம் நாள், தம்மை இராமநாதபுரத்தில் வந்து காணுமாறு கட்டபொம்மனுக்கு ஆணை விடுத்தார்.

ஜாக்சன் அப்போது சீமையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். இராமநாதபுரம் வரை காத்திராமல் வழியிலேயே கண்டுவிடலாம் என்று கட்டபொம்மன் குற்றாலத்துக்கு வந்தார். பேட்டி கிடைக்கவில்லை. கலெக்டரின் பரிவாரம் நகர்ந்தது; பாளையக்காரரும் பின்தொடர்ந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பேட்டி கிடைக்கவில்லை. மலையடிவாரத்துச் செம்மண்ணிலிருந்து கரிசல் நிலத்துக்கும், கரிசலிலிருந்து சேதுச் சீமையின் பனங்காட்டுக்கும் அந்தப் பயணம் நீண்டது. இருபத்து மூன்று நாள், நானூறு மைல் என்று நூலோர் கணக்குச் சொல்வர். பாளையம் ஒன்றின் தலைவர், தம் ஆட்களும் அண்டைப் பாளையத்தாரும் பார்த்திருக்க, ஓர் அதிகாரியின் கூடாரத்துக்குப் பின்னால் ஊர் ஊராகச் சென்றார் என்பதை எண்ணிப் பாருங்கள். திறைப் பணத்தைக் காட்டிலும் கனமான ஒன்று அங்கே கேட்கப்பட்டது.

செப்டம்பர் மாதத்தில் இராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தது. மூன்று மணி நேரம் கட்டபொம்மன் நிற்க வைக்கப்பட்டார் என்று சொல்லப்படுகிறது. பிறகு கலகம் மூண்டது. கோட்டை வாயிலில் நடந்த மோதலில் லெப்டினன்ட் கிளார்க் என்ற ஆங்கிலேய அதிகாரி உயிரிழந்தார். தம்பி ஊமைத்துரையின் துணையால் கட்டபொம்மன் தப்பினார். தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

இதற்குப் பின் நடந்ததை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். பாஞ்சாலங்குறிச்சிக்குத் திரும்பிய கட்டபொம்மன் உடனே வாளை உருவவில்லை. சென்னைக்கு மனு எழுதினார். தாம் எவ்வாறு அலைக்கழிக்கப்பட்டார், எவ்வாறு அவமதிக்கப்பட்டார் என்பதையெல்லாம் முறையிட்டார். கவர்னர் எட்வர்டு கிளைவ் விசாரணைக்கு ஆணையிட்டார். வில்லியம் பிரௌன், வில்லியம் ஓரம், ஜான் காசமேஜர் ஆகிய மூவர் குழு 1798 டிசம்பர் 15ஆம் நாள் கூடியது. அதன்முன் கட்டபொம்மன் நேரில் வந்து சொன்னார். குழு அவரைக் குற்றவாளி அல்லர் என்றது. தானாபதி விடுவிக்கப்பட்டார். ஜாக்சன் பதவி இழந்தார். அவர் இடத்துக்கு லஷிங்டன் வந்தார். கட்டபொம்மனோ பாக்கியில் பெரும்பகுதியைச் செலுத்திவிட்டார். எஞ்சியது 1080 வராகன்.

வரி கொடுக்க முடியாது என்று கலெக்டரின் முகத்துக்கு நேரே முழங்கிய வீரர், உண்மையில் மனு எழுதினார், விசாரணைக்கு வந்தார், பாக்கியையும் பெரும்பாலும் தீர்த்தார். இதைப் படிக்கும் இளைஞர் உள்ளத்தில் ஓர் ஏமாற்றம் எழுவது இயல்பு. “அப்படியானால் நாடகம் பொய்யா?” என்று கேட்பர். கட்டபொம்மனின் பெருமை எல்லாம் கட்டுக்கதை என்று எழுதி நூல் வெளியிட்டவர்களும் தமிழ்நாட்டில் உண்டு. அவரை விடுதலைப் போரின் முன்னோடியாக நூலாலும் மேடைப் பேச்சாலும் நிலைநாட்ட முயன்ற ம. பொ. சிவஞானத்தைப் போன்றோர் மறு பக்கம். இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது இங்கே என் நோக்கமன்று. எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாக்கியைத் தீர்த்தவரே மறு ஆண்டு பானர்மனின் படை வந்தபோது பணியாமல் போரிட்டார். 1799 செப்டம்பர் 5ஆம் நாள் கோட்டை தாக்கப்பட்டது. சிவசுப்பிரமணிய பிள்ளை நாகலாபுரத்தில் கொல்லப்பட்டார். புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்ட கட்டபொம்மன், அக்டோபரில், பாளையக்காரர்கள் கூடியிருக்கக் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். மனு எழுதிய கையும் வாள் பிடித்த கையும் ஒருவருடையதே. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க மறுப்பவர்கள், வீரன் என்றாலும் சரி, கொள்ளையன் என்றாலும் சரி, பாதி மனிதனையே பார்க்கிறார்கள்.

இனி நாடகத்துக்கு வருவோம். சந்திப்புக் காட்சியில் கட்டபொம்மன் வரியை மறுப்பதற்குக் கூறும் காரணம் என்ன? ‘நான் அரசன், நீ அந்நியன்’ என்பது மட்டுமானால் அது பழைய மன்னர் நாடகமாகவே முடிந்திருக்கும். ஆசிரியர் வேறு வழியில் செல்கிறார். வயலில் நடக்கும் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, இவற்றுள் எதில் உன் கை பட்டது என்று கலெக்டரைக் கேட்கச் செய்கிறார். வியர்வை சிந்தாதவனுக்கு விளைச்சலில் பங்கு ஏது என்பதே வாதத்தின் சாரம். இது உழவனின் வாதம். ஏர் பிடித்தவன், வரி தண்ட வருபவனைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி.

ஆனால் கட்டபொம்மன் உழவர் அல்லர், பாளையக்காரர். குடிகளிடமிருந்து நிலவரியும், காவலுக்கென்று தனி வரியும் தண்டியவர்கள் பாளையக்காரர்கள். அந்தக் கேள்வியை ஒரு பாஞ்சாலங்குறிச்சிக் குடியானவன் பாளையக்காரரைப் பார்த்தே கேட்டிருந்தால், அவருக்கும் அது சங்கடமாகவே இருந்திருக்கும். குடியானவனின் குரலை எடுத்துப் பாளையக்காரரின் வாயில் வைத்திருக்கிறார் நாடக ஆசிரியர். நாடகத்தின் அரசியல் முழுவதும் இந்த ஓர் இடமாற்றத்தில் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

ஏன் இவ்வாறு செய்தார்? 1957ஆம் ஆண்டை நினைத்துக்கொள்ளுங்கள். நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டு. மொழிவழி மாநிலங்கள் அமைந்து ஓராண்டு. 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியின் நூற்றாண்டு விழா நாடெங்கும் நடந்த சமயம். வடக்கே மீரட்டும் டில்லியும் பேசப்படும்போது, அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தெற்கே நடந்தது என்ன என்று கேட்கும் ஆவல் தமிழரிடையே இருந்தது. அதே ஆண்டில் இரண்டாம் பொதுத் தேர்தலும் நடந்தது. கொட்டகையில் அமர்ந்திருந்தவர்கள் மன்னரின் குடிகள் அல்லர், வாக்களிக்கும் குடிமக்கள். அவர்களுக்கு ஒரு பாளையக்காரரின் உரிமை வழக்கு உணர்ச்சி ஊட்டாது. தம் பாட்டன் வாயடைத்துக் கேளாமல் விட்ட கேள்வி ஊட்டும். எனவே 1798இல் நின்ற பாத்திரம் 1957இன் குரலில் பேசிற்று.

இது தமிழ் மேடைக்கு மட்டும் உரியதன்று. ஷில்லர் 1804இல் எழுதிய ‘வில்ஹெல்ம் டெல்’ நாடகத்தில், கம்பத்தில் தொங்கும் ஆளுநரின் தொப்பிக்கு வணங்க மறுக்கும் சுவிட்சர்லாந்து நாட்டு வில்லாளி, இடைக்கால மனிதனாக நின்றாலும், பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்திய ஐரோப்பாவின் ஏக்கத்தையே பேசுகிறான்.

நம் நாட்டிலேயே இதற்கு மாறான வழியில் சென்ற நாடகமும் உண்டு. வங்காளத்தில் தீனபந்து மித்ரா 1860இல் வெளியிட்ட ‘நீல தர்ப்பணம்’, அவுரி பயிரிடும்படி துரைமார்கள் உழவரை வதைத்த கொடுமையைச் சொல்வது. அதில் குடியானவர்கள் தம் கிராமத்துப் பேச்சிலேயே பேசுகிறார்கள். அவர்கள் குரலை வேறொருவர் வாங்கிப் பேசவில்லை. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் லாங் பாதிரியார் 1861இல் சிறை சென்றார். மேடையின் ஆற்றலைக் கண்டு அஞ்சிய அரசாங்கம் 1876இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் நிழலில்தான் தமிழ்நாட்டில் தேசிய நாடகம் வளர்ந்தது. வள்ளி திருமணத்தில் முருகனாக வந்து, தினைப்புனத்துப் பறவையை விரட்டும் பாட்டிலே வெள்ளையரை விரட்டிப் பாடிய விசுவநாததாஸ் பன்முறை சிறை புகுந்தார். 1940ஆம் ஆண்டின் இறுதியில் மேடையிலேயே உயிர் துறந்தார். அவர் காலத்தில் அரசியலைப் புராணத்துக்குள் ஒளித்துப் பேச வேண்டியிருந்தது. 1957இல் ஒளிக்க வேண்டியதில்லை. கலெக்டரையே மேடையில் நிறுத்திப் பேசலாம். நடையில் நேர்ந்த பெரிய மாற்றத்துக்கு இதுவும் ஒரு காரணம். ஒளித்துப் பேசியபோது பாட்டும் சிலேடையும் வேண்டியிருந்தன. வெளிப்படையாகப் பேசியபோது பாட்டு ஒதுங்கி வசனம் அரியணை ஏறியது.

அந்த வசன நடையின் பிறப்பிடத்தையும் சொல்ல வேண்டும். 1940களில் அண்ணாதுரை முதலியோர் இயக்க நாடகங்களில் ஒரு புதிய தமிழை மேடைக்குக் கொண்டுவந்தனர். எதுகையும் மோனையும் உரைநடைக்குள் புகுந்தன. ஒரு கருத்தை ஒரு முறை சொல்லி நிறுத்தாமல், ஒத்த வாக்கியங்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் மூச்சை ஏற்றி, கடைசியில் ஒரே சொல்லில் இறக்கும் முறை அது. அண்ணாவின் ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்ததால்தான் வி. சி. கணேசன் என்ற இளைஞர் சிவாஜி கணேசன் ஆனார். அதே நடிகர் 1952இல் ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியில் பேசிய வசனத்தை நாடு முழுவதும் மனப்பாடம் செய்தது. ஆகவே, பகுத்தறிவு இயக்கத்தார் சமூகத்தைக் குற்றஞ்சாட்டப் பழக்கிய மொழி, தேசியக் கதை ஒன்றுக்கு வந்து சேர்ந்தது. கட்சிகள் வெவ்வேறாக இருக்கலாம். மேடைத் தமிழுக்குக் கட்சி இல்லை.

கிருஷ்ணசாமியின் நடையில் நான் வியப்பது அதன் வினா வடிவத்தை. கட்டபொம்மன் அறிக்கை விடுவதில்லை, கேட்கிறார். ஒரு கேள்விக்கு விடை வருமுன் அடுத்த கேள்வி வருகிறது. ஜாக்சனுக்குப் பேச இடமே இல்லை. வரலாற்றில் மூன்று மணி நேரம் நின்றவர் பாளையக்காரர். மேடையில் வாயடைத்து நிற்பவர் கலெக்டர். நடந்ததைத் தலைகீழாக்கி, அவமானத்துக்கு ஈடு செய்திருக்கிறது நாடகம். இதற்கு ஒரு விலையும் உண்டு. இவ்வளவு அடுக்குமொழியைக் கேட்ட செவிக்கு, பேசத் தெரியாத எளிய மனிதனின் எதிர்ப்பு எதிர்ப்பாகவே படாமல் போய்விடுகிறது. வீரம் என்றால் உரத்த குரல் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டதில் அந்தக் காட்சியின் வெற்றிக்கும் பங்கு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

இன்னொன்றும் கருதத்தக்கது. கட்டபொம்மன் பிறந்த கம்பளத்து நாயக்கர் குலத்தின் வீட்டுமொழி தெலுங்கு. ஜாக்சனின் மொழி ஆங்கிலம். இருவருக்கும் இடையே துபாஷி ஒருவன் நின்று, ஒருவர் சொன்னதை மற்றவருக்கு மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும். மேடையில் துபாஷிக்கு வேலை இல்லை. செந்தமிழ் நேரே பாய்கிறது. இதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். கட்டபொம்மு கதையை நூறாண்டுகளுக்கு மேல் காத்து வந்தவை தமிழில் அமைந்த கதைப்பாடல்களும் கூத்துகளுமே. சிறுவயதில் கண்ட கட்டபொம்மன் கூத்துதான் தம்மை நடிப்புக்கு இழுத்தது என்று சிவாஜி கணேசனே கூறியிருக்கிறார். ஏட்டில் கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரம், ஆள்வோரின் ஆவணங்களைக் கொண்டு ஆள்வோரின் கண்ணால் பார்த்தது. மக்களின் கண்ணால் பார்த்தது கூத்து. 1957ஆம் ஆண்டு நாடகம் ஏட்டைவிடக் கூத்துக்கே நெருங்கிய உறவு. அந்த உறவுக்குத் தமிழே மொழி.

எனினும், வரலாறு பயிலும் மாணவர்கள் அந்தப் பெருங்காட்சியோடு நின்றுவிடாமல், அதற்கு முந்திய நாட்களுக்குச் செல்ல வேண்டும் என்பது என் விருப்பம். குற்றாலத்தில் கதவடைத்ததை எந்த ஆசிரியரும் பெருங்காட்சி ஆக்கவில்லை என்றால் அதில் வியப்பில்லை. அங்கே யாரும் பேசவில்லை. மேடைக்குப் பேச்சு வேண்டும். ஆனால் ஆட்சி என்பது எப்படி மாறுகிறது என்று அறிய விரும்புவோருக்கு அந்தப் பேச்சற்ற நாளே அதிகம் சொல்லும். நவாபின் காலத்திலும் திறை கேட்டார்கள், தகராறு வந்தது, படையும் வந்தது. ஆயினும் நேரில் பார்த்துப் பேசுவதற்கு ஒரு முறை இருந்தது. வெற்றிலை பாக்கு இருந்தது, வரிசை மரியாதை இருந்தது. இப்போது காத்திருக்க வைப்பதே ஆட்சியின் கருவி ஆகிவிட்டது. அலுவலகத் திண்ணைகளில் மனுவோடு காத்திருக்கும் மனிதனை நாம் இன்றும் காண்கிறோம். அவனுக்கு முன்னோடி ஒருவர் குற்றாலத்தில் காத்திருந்தார்.

கல்லூரி நாடக மன்றத்தார் எவரேனும் இதை ஒரு காட்சியாக எழுதிப் பார்க்கலாம். சிவாஜி கணேசன் கயத்தாற்றில் இடம் வாங்கிச் சிலை நிறுவினார். அரசாங்கம் 1974இல் பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை கட்டியது. குற்றாலத்துக்கு ஒரு காட்சி போதும். அடுக்குமொழி வேண்டாம். மேடையின் ஒரு புறம் மூடிய கதவு, அதன்முன் ஒரு சேவகன். மறு புறம் பாளையக்காரரும் தானாபதியும் அவர்களுடன் வந்த ஆட்களும். சாரல் பெய்துகொண்டிருக்கிறது, அருவியின் ஓசை இடைவிடாமல் கேட்கிறது. தானாபதி ஓலையை நனையாமல் மடியில் வைத்திருக்கிறார். உள்ளே மணி அடிக்கும் ஒலி. சேவகன் உள்ளே போகிறான், வருகிறான், இன்று இல்லை என்கிறான். துரை நாளைக்கு எந்த ஊருக்குப் போகிறார் என்று தானாபதி கேட்கிறார். சேவகன் பெயரைச் சொல்கிறான். ஆட்கள் மூட்டைகளைத் தூக்குகிறார்கள்.